மதவாச்சிச் சந்தியின் ஒன்பது படங்கள்

அப்பப்பாவின் முகம் தெரியும் நிழற்படம் ஒன்றேனும் எம்மிடம் இல்லை. அவர் எடுத்த படங்கள் ஒன்பது மாத்திரம் உண்டு. ஒன்பதும் சாமான் ரயில்களின் படங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது, காணி உறுதிகள் இருப்பதாக எண்ணி அப்பம்மா அலுமாரியிலிருந்து இழுத்தெடுத்த பிஸ்கற் தகரத்துள் இவை இருந்தன. உறுதிகள் வேறொரு தகரத்தில் இருந்தனவாம். அவையும் கலியாணப் படமும் வீட்டோடு போயின.

“பிள்ளையளை ஒருநாளும் படமெடுக்காத மனிசன், பெட்டியளைப் படமெடுத்து வைச்சிருக்கு” என்று அப்பம்மா இன்றும் சொல்வார். அதிற் கோபம் எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று என்னாற் பிரித்தறிய முடிந்ததில்லை.

அப்பப்பா 1970ஐ அடுத்த சில ஆண்டுகள் மதவாச்சிப் புகையிரத நிலையத்திலே சாமான் பகுதி எழுதுவினைஞராக இருந்தவர். 1905ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை வரை எட்டிய வடபாதையிலிருந்து, 1914ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்குக் கிளைபாதை ஒன்று பிரிக்கப்பட்டது. அந்தப் பிரிவு நேர்ந்த இடமே மதவாச்சி. சுற்றிலும் காடும் குளங்களும் வயல்களும். ஊர் சிறிது, ஆயினும் நாட்டின் வடக்கும் மேற்குக் கரையும் தெற்கு நோக்கி அனுப்பிய பொருள்கள் அச்சிறு ஊரைத் தொடாமற் போனதில்லை. மன்னார்க் கருவாடு ஒரு திசையால் வரும். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் வெங்காயமும் மறுதிசையால் வரும். பெட்டிகளைக் கழற்றுவதும் கொளுவுவதும், ஈயமுத்திரை சரியா என்று பார்ப்பதும், நிறையை ஏட்டிற் பதிவதும் அப்பப்பாவின் வேலை. கமராவை எவரிடம் இரவல் வாங்கினார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது.

முதல் எட்டுப் படங்களையும் நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கைகாட்டி மரம் தாழ்ந்திருக்க, மூடிய பெட்டிகளின் நீண்ட வரிசை ஒன்று வளைவிலே மறைகிறது. மற்றொன்றில், தார்ப்பாய் போர்த்த திறந்த பெட்டிகள் மழையில் நனைந்து நிற்கின்றன. இன்னொன்றில், கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954ஆம் ஆண்டிலிருந்து கனடா வழங்கிய டீசல் இயந்திரங்களுள் ஒன்று நிற்கிறது. அவற்றிற் சிலவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களை இட்டிருந்தார்கள். இதன் பெயர் ‘ஒன்ராறியோ’. எங்கள் சித்தப்பா இப்போது வாழும் மாகாணம் அது! படமெடுத்த அப்பப்பாவுக்கு அந்தப் பெயர் வெறும் எழுத்துகளாகவே இருந்திருக்கும்.

ஒவ்வொரு படத்தின் பின்புறமும் அவருடைய சாய்ந்த கையெழுத்து. “காங்கேசன்துறைச் சீமெந்து, 14 பெட்டி.” “ஆனையிறவு உப்பு, 6.” “வெறும் பெட்டிகள், வடக்கே.” அவ்வளவே. நாளும் இல்லை, ஆண்டும் இல்லை.

முதலாம் வருடத்திலே வரலாற்றுப் பாடத்துக்கான ஒப்படைக்கு இவற்றைப் பயன்படுத்தினேன். 1950ஆம் ஆண்டிலே உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, 1990இல் வவுனியாவுக்கு அப்பால் நின்றுபோன ரயில், பதுங்குகுழிகளுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும், 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த ரயில் என்று பத்துப் பக்கம் எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. ஒன்பதாவது படத்தைச் சேர்க்கவில்லை. அதன் பின்புறத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அது எனக்குச் சான்றாகத் தோன்றவில்லை.

அப்படத்தைப் படிக்கத் தெரிந்தவள் என் விடுதி அறைத்தோழி. அவள் அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். ஒருநாள் தகரத்தைத் திறந்து படங்களைக் கட்டிலிற் பரப்பியிருந்தேன். எட்டையும் மரியாதைக்குப் பார்த்தாள். ஒன்பதாவதைக் கையிலெடுத்தவள் கீழே வைக்கவில்லை.

மேடையோரம் ஒரு பெட்டி, கதவு திறந்தபடி. உள்ளே தகர ட்ரங்குகள், கயிற்றாற் கட்டிய பாய்கள், ஒரு தையல் இயந்திரம். ட்ரங்குகளின் மேல் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயர்கள்.

“இது ஒப்பாரிக் கோச்சிடி” என்றாள்.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நானும் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றார்கள். பிறந்த மண்ணைவிட்டுப் போனவர்கள் மலைநாட்டிலிருந்து ரயிலேறி, இந்த மதவாச்சியாலேயே தலைமன்னார்ப் பாலத்தடிக்குப் போய், இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். அற்றன் நிலையத்தில் வழியனுப்ப வந்தோரும் போவோரும் சேர்ந்து அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு அப்பெயர் வந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் அப்பப்பா நின்ற மேடையோடு இவற்றை ஒருபோதும் பொருத்திப் பார்த்ததில்லை. என் பத்துப் பக்கத்தில் வெங்காயத்துக்கு ஒரு பக்கமும் இவர்களுக்கு ஒரு வரியும் இல்லாமற் போனது அதனால்தான்.

அவளுடைய பாட்டியின் தமக்கை குடும்பமும் அப்படிப் போனதாம். நீலகிரியிலிருந்து ஒரேயொரு கடிதம் வந்ததாம். ட்ரங்குகளிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க முயன்றாள்; எதுவும் முழுதாகப் பிடிபடவில்லை. பிறகு கேட்டாள்: “சாமான் இருக்கு. ஆளுங்க எங்க?”

நான் பதில் சொல்லவில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அப்பம்மாவிடம் அப்படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“அந்தச் சனம் போன நாளையிலை உவர் லீவிலை வந்தால் ஒண்டும் கதைக்கமாட்டார். ஆக்களைப் படமெடுக்க வெக்கமாக் கிடந்தது எண்டு ஒருநாள் சொன்னவர். கப்பலிலை பாரம் ஏத்த விடமாட்டினம் எண்டு ஆரோ சொல்ல, ஒரு கிழவி அம்மியை மேடையிலையே விட்டிட்டுப் போயிட்டுது. ரெண்டு மாசம் வைச்சுப் பாத்திட்டு, அதைத்தான் இஞ்சை கொண்டு வந்தவர்.”

எந்த அம்மி என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அம்மி. இடப்பெயர்விலே தூக்க முடியாமையால் விட்டுப்போனது. திரும்பி வந்தபோது கூரையில்லாத குசினிக்குள் அப்படியே கிடந்தது. சிறுவயதிலிருந்து அதில் அரைத்த சம்பலையே உண்டு வளர்ந்தேன். உண்மையில் அதை நாங்கள் பரம்பரைச் சொத்தென்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

விடுதிக்குத் திரும்பும்போது ரயிலிலே வந்தேன். மதவாச்சியிற் சில நிமிடம் நின்றது. கடலை விற்பவர்கள் ஏறி இறங்கினார்கள். தலைமன்னார்ப் பாதை 2015ஆம் ஆண்டிலே பாலத்தடிவரை மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1984இல் நின்ற கப்பல் அங்கே திரும்பி வரவில்லை. அப்பப்பா எங்கே நின்று படமெடுத்திருப்பார் என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். மேடை முழுவதும் வெயில், இடம் பிடிபடவில்லை.

அறைத்தோழியிடம் அம்மியைப் பற்றிச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள். தங்கள் தோட்டத்தில் அம்மிக்கு அடியிற் பெயர் கொத்தும் வழக்கம் உண்டென்றும், இதற்கும் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

நான் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. தனியே புரட்ட ஏலாத பாரம். தை விடுமுறைக்கு அவளும் என்னோடு வருகிறாள்.