எலுமிச்சை

என் கார் சர்வீஸ் சென்டர் கேட்டைத் தாண்டியதும் சமர்த்தாகிவிடும். வாங்கிப் பதினாறு மாதம் ஆகிறது, ஆறு முறை உள்ளே போய் வந்துவிட்டது. ஆறு முறையும் ஜாப் கார்டில் ஒரே வரி: வாடிக்கையாளர் சொன்ன குறை பரிசோதனையில் தென்படவில்லை.

குறை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் ஏபிஎஸ், டிராக்‌ஷன், பவர் ஸ்டியரிங் என்று விளக்குகள் வரிசையாக எரியும். ஸ்டியரிங் இறுகும். ஒரு விரலால் திருப்பிக்கொண்டிருந்ததைத் தோள் கொடுத்துத் திருப்ப வேண்டும். ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். மூன்று வாரம் வராது. பிறகு ஒரே நாளில் இரண்டு முறை வரும். மழை, வெயில், வேகம், பெட்ரோல் அளவு எதோடும் பொருந்தவில்லை. எக்செல் ஷீட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு நானே ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் வண்டி தன் மனசில் இருப்பதைப் போனுக்குச் சொல்லும். அடுத்த முறை விளக்குகள் எரிந்தபோது அது சொன்னது: யு0121. 'யு' என்று தொடங்கினால் நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

இன்றைய காருக்குள் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் முறுக்கிய இரண்டே கம்பிகளில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. 'கேன்' என்ற அந்த ஏற்பாட்டை பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது ஏபிஎஸ்ஸுக்குத்தான் முதலில் தெரியும். அது பேச்சை நிறுத்தினால் வண்டி நிற்கிறதா பறக்கிறதா என்று ஸ்டியரிங்குக்குத் தெரியாது. பல வண்டிகளில் அந்த நிலையில் ஸ்டியரிங் அதிவேகம் என்றே வைத்துக்கொள்ளும், அதற்கேற்ப உதவியைக் குறைத்துவிடும். அதாவது ஸ்டியரிங் மேல் தப்பில்லை, தகவல் வராததால் அது ஜாக்கிரதையாக இருக்கிறது. இது புரிந்த அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சம் அசட்டுத்தனமானது, வண்டி சரியாகிவிடவில்லையே.

மல்டிமீட்டரும் வைத்துப் பார்த்தேன். கம்பிகளின் இரு முனையிலும் தலா 120 ஓம் இருக்கும், வண்டியை அணைத்துவிட்டு சாக்கெட்டில் அளந்தால் 60 வர வேண்டும். கச்சிதமாக 60 வந்தது. நிற்கும் வண்டியில் எல்லாமே கச்சிதம்தான். ஏதோ ஒரு கனெக்டருக்குள் ஒரு முள் அதிர்வில் கணநேரம் விட்டுப் பிடிக்கிறது என்பது என் ஊகம்.

1985-இல் ஜிம் கிரே எழுதிய ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட பிழைகளுக்கு 'ஹைசன்பக்' என்ற பெயர் வரும். உற்றுப் பார்த்தால் ஒளிந்துகொள்பவை. பெரும்பாலும் மறுபடி ஓட விட்டால் போதும் என்பார். எங்கள் தொழிலே அந்த ஒரு யோசனையை நம்பித்தான் ஓடுகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். மதுராந்தகம் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில், இடது பக்கம் லாரி, பின்சீட்டில் அம்மா என்றால் ரீஸ்டார்ட் செய்ய முடியாது.

எங்கள் ஆபீஸில் ஏதாவது விழுந்தால் முதலில் லாக்கைப் பத்திரப்படுத்துவோம். சர்வீஸ் சென்டரில் முதல் வேலையே அதை அழிப்பது.

"கோட் க்ளியர் பண்ணிட்டோம் சார்."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரின்ட் எடுத்துக் குடுங்கன்னு சொன்னேனே?"

"அது கரன்ட் கோட் இல்ல சார். ஹிஸ்டரி கோட்தான்."

"ஹிஸ்டரின்னா நடந்ததுதானே?"

அட்வைசர் சிரித்தார். நல்ல மனிதர், காபி எல்லாம் வாங்கிக் கொடுப்பார். உள்ளே வேலை செய்த பையன்தான் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாக உண்மையைச் சொன்னான். "ஃபால்ட் நிக்கணும் சார். நின்னாதான் வாரன்டில பார்ட் மாத்தக் கம்பெனி ஒத்துக்கும்." அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சந்தேகத்தின் பேரில் வயரிங்கைப் பிரிக்கும் நேரத்துக்கு அவனுக்கு யார் கூலி தருவார்கள்?

அம்மாவிடம் வேறு விளக்கம் இருக்கிறது. "பூஜை போட்டப்பவே பார்த்தேன்டா. பின்னாடி இடது டயர் எலுமிச்சை சரியா நசுங்கல." திண்டிவனத்திலிருந்து மாதம் ஒருமுறை கண்ணுக்கு ஊசி போட அவளைச் சென்னைக்கு அழைத்து வரத்தான் முக்கியமாக இந்தக் காரை வாங்கினோம். இப்போது பஸ்ஸில் வருகிறாள். ஊசி போட்ட கண்ணை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "பஸ்ஸே தேவலைடா, நாலு பேர் இருக்காங்க" என்கிறாள்.

நாம் எலுமிச்சையை டயருக்கு அடியில் வைக்கிறோம், அமெரிக்காவில் காரையே எலுமிச்சை என்கிறார்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு அங்கே அதுதான் பெயர். 1982-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கி மற்ற மாநிலங்களிலும் அதற்குச் சட்டமே வந்தது. இத்தனை முறை சரிசெய்யப் பார்த்தும் முடியவில்லை என்றால் மாற்று வண்டியோ பணமோ கொடு என்று கேட்கலாம். இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். தேவைப்பட்டால் அவர்கள் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வகத்திலும் என் வண்டி சமர்த்தாக இருக்கும் என்பதுதான் என் பயம்.

ஆறாவது முறை அட்வைசரே ஒரு வழி சொன்னார். "எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுங்க சார். ஸ்கேன்ல ஒண்ணும் வராது, நல்ல வேல்யூ கிடைக்கும்."

இதைத்தான் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எலுமிச்சைச் சந்தை பற்றிய கட்டுரையில் எழுதினார், 2001-இல் நோபலும் வாங்கினார். வண்டியின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. படித்தபோது அது ஒரு வரைபடமாக இருந்தது. இப்போது அந்த வரைபடத்துக்குள் என் ஆர்சி புக் இருக்கிறது. அன்று இரவு நிஜமாகவே கணக்குப் போட்டேன். தொகை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டியை வாங்கப்போகிறவர் பின்சீட்டில் யாரை உட்கார வைப்பார் என்ற கேள்வியில் கணக்கு நின்றுவிட்டது.

போன வாரம் சித்தப்பா பையன் போன் செய்தான், விழுப்புரத்திலிருந்து. வண்டியைக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டானாம். எல்லாவற்றையும் சொன்னேன். யு0121, மதுராந்தகம், அம்மாவின் பஸ், எதையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டான்.

"சரிண்ணே, அப்ப எவ்ளோ குறைச்சுத் தருவீங்க?"

தருவதாக இல்லை என்றேன். வருத்தம்தான் அவனுக்கு. அவன் பழைய வண்டியில் கிளட்ச் போய்விட்டதாம்.

ஏழாவது முறைக்கு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். டேஷ்போர்டைப் பார்த்த மாதிரி ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன். மாட்டிப் பத்தொன்பது நாள் ஆகிறது. இன்னும் ஒரு விளக்கும் எரியவில்லை.