பெரியவர் போனால்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆட்டமில்லாத மாதங்களில்தான் அங்கே பரபரப்பு அதிகம். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு 6 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த நிக் சேபன், 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் வந்தார். பயிற்சியாளர் மாறினால் வீரர்களுக்கு அப்போது 30 நாள் அவகாசம் இருந்தது. கேலப் டவுன்ஸ் உட்படப் பலர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். காலி இடங்களை நிரப்பிக்கொண்டு டிபோர் அந்தப் பருவத்தில் கண்டது 9 வெற்றி, 4 தோல்வி.

எங்கள் ஆபீசில் அதிகாரி மாற்றலாகிப் போவார். குமாஸ்தாக்கள் அதே நாற்காலியில் இருப்போம். அங்கேயும் முன்பு ஏறக்குறைய அப்படித்தான். பயிற்சியாளர் நினைத்தவுடன் போகலாம். கல்லூரி மாறும் பையன் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அது தளர்ந்தது. விசுவாசம் போய்விட்டது என்கிறார்கள். பெரியவர் போகலாம், பிள்ளைகள் மட்டும் இருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?