வாடிவாசல் மண்ணோடு வந்த தோள்

பொங்கலுக்கு முன்பே தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறந்துவிடும். 2019 ஜனவரியில் விராலிமலையில் மட்டும் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் தை என்றால் தோள் இறங்கிய பிள்ளைகள் அவசர சிகிச்சைக்கு வரும் மாதமும்தான்.

அப்படித்தான் ஒரு தம்பி வந்தான். இடக்கையை வலக்கையால் தாங்கியபடி. சட்டையெல்லாம் வாடிவாசல் மண். தோளின் உருண்டை போய்ச் சதுரமாக நின்றது. அல்ட்ராசவுண்ட் கருவியைப் படுக்கையருகே தள்ளி வந்து, தோளின் பின்புறம் ஜெல் தடவி ப்ரோபை வைத்தேன். கிண்ணத்துக்கு நேராக இருக்க வேண்டிய பந்துமுனை திரையில் கீழே, ஆழத்தில் கிடந்தது. முன்பக்கம் விலகியிருக்கிறது. 100-க்கு 95 பேருக்கு இப்படித்தான். வலிப்பு வந்தோ கரண்ட் அடித்தோ பின்பக்கம் விலகினால், பந்து ப்ரோபை நோக்கி மேலேறி நிற்கும். நேர் எக்ஸ்ரேயில் அது எளிதில் கண்ணுக்குத் தப்பும். படிக்கும் காலத்தில் எனக்கே ஒருமுறை தப்பியது, இன்றும் உறுத்துகிறது.

எலும்பு முறிவைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும், அவனுக்கும் எடுத்தோம். ஆனால் மூட்டு உள்ளே உட்கார்ந்ததா என்பதை மருந்தின் மயக்கம் தெளியும் முன்பே பார்த்துவிடலாமே! மயக்க மருந்து கொடுத்துக் கையை மெல்லத் திருப்பினேன். திரையில் பந்து கிண்ணத்துக்குள் உருண்டது.

"உக்காந்துருச்சா டாக்டரம்மா?" என்றார் அவன் அம்மா. தலையாட்டினேன். முந்தானையால் அவன் நெற்றி மண்ணைத் துடைத்தார்.