கண்ணுக்குப் போகும் வழியில் ஒரு குடல்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொடைக்கானல் மலைக் கேரட்டும் கீழ்நாட்டு முருங்கையும் அடுத்தடுத்து இறங்கும். இரண்டையும் விற்பவர்கள் சொல்வது ஒன்றே: கண்ணுக்கு நல்லது. அதுவரை சரி. ‘தினம் ஒரு கேரட் கடிச்சா கண்ணாடியே கழண்டுடும்’ என்று ஒருவர் அளந்தபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. கிட்டப்பார்வை விழி நீண்டுபோவதால் வருவது. மூட்டை மூட்டையாகத் தின்றாலும் விழி சுருங்காது.

எரிச்சலுக்கு வீட்டுக் காரணமும் உண்டு. பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் மாலைக்கண் இருந்ததாம், ஆட்டு ஈரல் கொடுத்துச் சரிசெய்தார்களாம். கேரட்டே இல்லாத கதை. ஊரில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரி வந்தது 1955இல். இது அதற்கும் முந்தி நடந்தது.

பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தால், கண்ணைப் பற்றிக் கேட்கிற கேள்விக்கெல்லாம் வயிற்றைப் பற்றியே பதில் வந்தது. எப்போதிருந்து இருட்டில் தெரியவில்லை? “பேதி நிக்காம போச்சுல்ல, அப்ப இருந்து.” அப்போது என்ன சாப்பிட்டீர்கள்? “என்ன தின்னு என்ன, எல்லாம் வெளிய போயிரும்.” யார் வைத்தியம் பார்த்தது? “பூச்சிக்கு விளக்கெண்ணெய் குடுத்தாங்க.” கண்ணுக்கு? “அதான் சொல்றேனே, பூச்சிக்கு.” நான் எப்படி வளைத்தாலும் அவர் வளையவில்லை. கேள்வியை அலுக்காமல் திருப்பிப் போட்டபோது கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவரை விட்டுவிட்டுக் கேரட் கதையின் மூலத்தைத் தேடினால், ஒரு தடம் இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனுக்குப் போகிறது. இரவில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாமுக்குக் கேரட்டால் பூனைக்கண் வாய்த்தது என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவர் விமானத்தில் இருந்தது ரேடார். தின்னத் தீனி குறைந்த காலத்தில் கேரட் மட்டும் மிஞ்சிக் கிடந்ததால், உணவு அமைச்சகமும் அந்தக் கதையை நன்றாகவே ஊதிவிட்டது.

அந்தப் புளுகுக்குள் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்ஸின் என்ற நிறமிக்கு வைட்டமின் ஏ வேண்டும். ஆனால் கேரட்டிலும் கீரையிலும் இருப்பது அதன் மூலப்பொருளான பீட்டா கரோட்டின். அதைப் பித்தநீரும் கொழுப்பும் கரைத்துக் கொடுக்க, வைட்டமின் ஏவாக மாற்றுகிற வேலை பெரும்பாலும் சிறுகுடலின் சுவரில் நடக்கிறது. பிறகு ஈரலில் சேமிப்பு. அங்கிருந்து ஒரு புரதத்தின் தோளேறிக் கண்ணுக்குப் பயணம். ஆட்டு ஈரலிலோ சத்து தயாராகவே இருக்கிறது, குடலுக்கு மாற்றும் வேலை இல்லை.

பெரியம்மாவின் பிடிவாதம் இங்கேதான் உறைத்தது.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் ஆய்வு தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், சத்தில்லாத உணவு விலங்குகளின் குடலையே சிதைப்பதைக் கண்டு 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அவர் தொடங்கிய கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குடற்புழுவும் பேதியும் உள்ள பிள்ளைகளின் உடலில் வைட்டமின் ஏ குறைவாகவே சேர்கிறது என்று 1970களில் அளந்து காட்டியது அந்த நிறுவனம். எண்ணெய் இல்லாத கீரையைவிட ஐந்து கிராம் கொழுப்பு சேர்ந்த கீரையில் பலன் கூடுகிறது என்று 1980இல் சொன்னதும் அதுவே.

சரி, எண்ணெய் விட்டு வதக்கிய கீரை போதும் என்று முடித்துவிடலாமா? மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களுக்கு 12 வாரம் தினமும் கரும்பச்சைக் கீரை வதக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1995இல் வெளிவந்த முடிவு: வைட்டமின் ஏ நிலையில் முன்னேற்றம் இல்லை. அதே கரோட்டினை வேஃபர் பிஸ்கட்டில் வைத்துக் கொடுத்தபோது ஏறியது. இலையின் செல்லுக்குள் சிக்கிய சத்தைக் குடல் எளிதில் பிரித்தெடுப்பதில்லை. கீரைப் பெருமை பேசும் நம்மவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எனக்குப் பிடிபடாத முடிச்சு வேறு ஒன்று, அதுவும் மதுரையில். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா குழு, தமிழகக் கிராமங்களில் 15,419 சிறு பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஓராண்டு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தது. 1990இல் வந்த முடிவில் அந்தப் பிரிவில் மரணம் 54 சதவீதம் குறைவு. பேதி குறைந்திருக்கும், அதனால்தான் என்று நினைத்தால், அடுத்த ஆண்டுக் கட்டுரை பேதி வருவது குறையவில்லை என்கிறது. அப்படியானால் நோய் வந்த பிள்ளை அதைத் தாங்கி எழுந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கவும் நோயெதிர்ப்புக்கும் வைட்டமின் ஏ தேவை. பேதி சத்தைத் தின்கிறது. சத்து குறைந்த குடல் அடுத்த பேதியைத் தாங்காது. கண் தடுமாறுவது இந்தச் சுழலில் வெளியே தெரிகிற அறிகுறி மட்டுமே.

இந்தியாவில் 1970 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் திரவம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்கிக் கொடுங்கள். கடையில் வாங்கி நீங்களாக ஊற்றாதீர்கள். அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். பொழுது சாய்ந்ததும் தட்டுத்தடுமாறும் பிள்ளையைக் கண் டாக்டரிடம் காட்டும்போது, அதன் பேதியையும் பூச்சித் தொல்லையையும் மறக்காமல் சொல்லுங்கள்.