ஓட்டமும் ஏடும்

ஓட்டப் பந்தயம் மிகப் பழையதொரு விளையாட்டு. ஓடுவதற்கு இரண்டு கால்களும் ஒரு வெளியும் போதும். ஆயின், ஓடியவருள் முந்தியவர் யாவர் என்று துணிந்து கூறுவதற்கு அவை போதா. அதற்கு ஒரு கண் வேண்டும். ஒரு கடிகாரம் வேண்டும். ஓர் ஏடும் வேண்டும். கண் கண்டதும் கடிகாரம் காட்டியதும் பிழையின்றி ஏட்டில் ஏறும்வரை, ஓடினவருடைய உழைப்பு உலகத்தார்க்கு நிகழாததொன்றே. இம்மூன்றும் தம்முள் எங்ஙனம் இணைகின்றன என்பதையும், அவ்விணைப்பில் ஒரு முடிச்சுத் தவறினால் விளைவது யாது என்பதையும், யான் கண்டும் கேட்டும் அறிந்த அளவில் ஈண்டு எழுதத் துணிகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அதற்குரிய விடை கட்டுரையினுள்ளேயே கிடைக்கும்.

முற்காலத்தில் காலங்கணிப்போர் கையில் நிறுத்து கடிகாரத்துடன் முடிவுக் கோட்டருகே நிற்பர். துப்பாக்கியின் ஓசை நூறு மீட்டர் கடந்து அவர் செவிக்கு எட்டுவதற்கு ஏறக்குறைய 0.3 வினாடி செல்லும். ஆதலின் ஓசையைக் கேளாது, புகையைக் கண்டே பொத்தானை அழுத்துமாறு அவர்க்குக் கற்பிப்பர். அங்ஙனம் செய்யினும் கண் கண்டதை விரல் அறிந்து அழுத்தச் சிறிது பொழுது கழியும். மூவர் குறித்த காலம் மூன்றாக வேறுபட்டால் நடுவிலுள்ளதை ஏற்பர். இருவர் கடிகாரங்களே இருந்து அவை வேறுபட்டால் நீண்ட காலத்தை ஏற்பர். மனிதன் தன் குறையைத் தான் அறிந்து வகுத்த நேர்மையான விதி இது. எனினும் குறை குறையே. 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் நம் நாட்டு மில்கா சிங் நான்காவதாக வந்தபோது, கைக்கணிப்பில் அவர் காலம் 45.6 வினாடி, மின்கணிப்பில் 45.73 வினாடி. ஓடியவர் ஒருவர், ஓட்டம் ஒன்று; காலம் மட்டும் இரண்டு!

நூற்றில் ஒரு பங்கு வினாடியை ஒரு பொருட்டாக எண்ணுவதேன் என்பார்க்கு 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிகழ்ந்ததொன்றே விடை கூறும். அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் பி. டி. உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார். ருமேனிய நாட்டுக் கிறிஸ்தியானா கோஜோகாரு 55.41 வினாடியில் முடித்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அவ்விருவருக்கும் இடையே நின்ற வெளியைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர், அஃதாவது நான்கு விரற்கிடை, ஆகும். அந்நான்கு விரலை எந்தக் காலங்கணிப்போனுடைய கண்ணும் அளந்திராது. 39 ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், சீன நாட்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 வினாடியில் ஓடி உஷாவின் தேசியச் சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் இறுதிச் சுற்றில் வெண்கலமும் வென்றார். இரண்டு தலைமுறையைச் சேர்ந்த இருவரை, இரண்டு கண்டங்களில் ஓடிய இருவரை, ஒரே கோலால் அளந்து ‘இவர் அவருக்கு நிகர்’ என்று கூற முடிந்தது அக்கருவியின் துணையாலேயே.

நிற்க. அக்கருவியின் இயல்பைச் சொல்லுமுன் என் ஊரைப்பற்றி ஒரு சொல். திருத்தணிகை மலைக்கு அணித்தாய், ஆந்திர எல்லையை அடுத்து, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டையே யான் பிறந்த ஊர். நெசவே அதன் உயிர். விடியலில் கோழி கூவுமுன்னர்த் தறியோசை எழும். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். முடிவுக் கோட்டு நிழற்படத்தைப் பற்றி முதன்முறை கேட்டபோது, நெசவாளன் மகனாகிய எனக்கு அதன் செய்கை சிறிதும் புதுமையாகத் தோன்றவில்லை.

நாம் அறிந்த படப்பெட்டி ஒரு கணத்தில் ஓர் இடம் முழுவதையும் பிடிக்கும். இதுவோ ஓரிடத்தை மட்டும் பல கணங்களிற் பிடிக்கும். முடிவுக் கோட்டிற்கு நேராக உயரத்தில் அமர்ந்து, மெல்லிய பிளவொன்றின் வழியே அக்கோட்டை மட்டுமே நோக்கும். வினாடிக்கு ஆயிரம் முறையோ அதனினும் மிகுதியாகவோ அக்கோட்டை ஓரிழை அகலத்திற்குப் பிடித்து, இழைக்கு அருகே இழையாக அடுக்கும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அமைத்த கருவி வினாடிக்கு 40,000 இழைகளைப் பிடிக்க வல்லது. நாடா ஒரு முறை பாயுந்தோறும் ஓர் ஊடை ஏறித் துணி வளர்வது போல, கணந்தோறும் ஓரிழை ஏறி அப்படம் வளர்கின்றது. ஆகவே அப்படத்தின் நீளம் தூரமன்று, காலமே. கோட்டின்மேல் ஊன்றிய பாதம் சிறிது பொழுது அங்கேயே நிற்றலின், படத்தில் அது பலகைபோல் நீண்டு தோன்றும். துப்பாக்கியில் பொருத்திய உணர்கருவி வெடித்த கணத்தை மின்கம்பி வழியே அறிவிக்க, அக்கணமே எண்ணிக்கை தொடங்கும். பந்தயம் முடிந்தபின், கருவியை இயக்குவோர் மெல்லிய கோடொன்றைப் படத்தின்மீது நகர்த்தி ஒவ்வொருவருடைய மார்பும் கோட்டைத் தொட்ட இழையில் நிறுத்துவர். தலை, கழுத்து, கை, கால் என்பன கணக்கில் இல்லை; உடலின் நடுப்பகுதியே கணக்கு. நிறுத்திய இடத்தின் காலம் தானே தோன்றும். பாரிஸ் நகரில் நூறு மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவரும் 9.79 வினாடி எனப்பட்டபோது, முன்னவர் 9.784 என்றும் பின்னவர் 9.789 என்றும் பிரித்துரைத்தது இத்தகைய படமே.

இத்துணை நுண்ணிய கருவியும் ஒன்றை அறியாது. தான் கண்டவர் யாவர் என்பதே அது. ஐந்தாம் தடத்தில் ஒருவர் வந்தார் என்று அது கூறும். அவர் பெயர் கூறாது. பெயர் வேறிடத்தில், முடிவுகளைத் தொகுக்கும் மென்பொருளில், உறங்குகின்றது. அம்மென்பொருளோ பெயரை அறியும், ஓட்டத்தைக் கண்டதில்லை. காலத்தையும் பெயரையும் ஒன்று சேர்ப்பதே எஞ்சிய பணி. அப்பணி பிழைத்தால் நேர்வதை எங்கள் வீட்டார் ஒருமுறை கண்டோம்.

என் தங்கை பள்ளியிற் பயின்ற காலத்தில், பல பள்ளிகள் கூடிய ஒரு பந்தயத்தில் 200 மீட்டர் தகுதிச் சுற்று ஓடினாள். இரண்டாவதாக வந்ததை அன்னையாரும் யானும் கண்ணாரக் கண்டோம். முடிவுக் கோட்டில் நின்றவர் தட எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதினார். சிறுவன் ஒருவன் அதனை மேசைக்கு எடுத்துச் சென்றான். அங்கே வேறொருவர் அதனைப் பார்த்துப் பட்டியலில் எழுதினார். எங்கோ ஓரிடத்தில் இரண்டு தடங்களின் எண்கள் மாறின. ஒட்டப்பட்ட பட்டியலில் தங்கைக்கு ஐந்தாம் இடமும், ஐந்தாவதாக வந்த பெண்ணுக்கு இரண்டாம் இடமும் இருந்தன. யாங்கள் சென்று முறையிட்டபோது, முறையீட்டுக்குரிய நேரம் கடந்துவிட்டது என்றனர். எவரும் தீமை கருதிச் செய்ததன்று. பேருந்தில் ஊர் திரும்புகையில் தங்கை வெகுநேரம் வாளாவிருந்து, “அண்ணா, அந்தப் பெண்ணும் பாவம், தான் இரண்டாவதாக வரவில்லை என்று அவளுக்குத் தெரியுமே” என்றாள். அடுத்த ஆண்டு அவள் பந்தயத்திற்குப் பெயர் கொடுக்கவில்லை. யாங்கள் வற்புறுத்தவுமில்லை.

அன்னையார் பாவு பிணைப்பதில் தேர்ந்தவர். தறியில் பழைய பாவு தீருந்தறுவாயில், அதன் ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் அதற்குரிய இழையோடு கையால் முறுக்கி இணைக்க வேண்டும். “ஆயிரம் இழை சரியாக இருந்து ஓர் இழை மாறினாலும், சேலை முழுதும் அந்தக் கோடு ஓடும்” என்று அவர் அன்றிரவு கூறினார். படக்கருவியையும் முடிவு மென்பொருளையும் இணைக்கும் முறையைப் பின்னர் யான் கற்றபோது, அது பாவு பிணைக்கும் தொழிலாகவே எனக்குத் தோன்றிற்று.

அம்முறை இது. பந்தயத்திற்கு முன்னர், முடிவு மென்பொருள் மூன்று சிறு கோப்புகளை எழுதும். ஒன்றில் போட்டிகளின் வரிசை இருக்கும். மற்றொன்றில் எந்தப் போட்டியில், எந்தச் சுற்றில், எந்தப் பிரிவில், எந்தத் தடத்தில் எந்த எண்ணுடையவர் ஓடுகிறார் என்பது இருக்கும். மூன்றாவதில் அவ்வெண்ணுக்குரியவர் இன்னார், இன்ன கல்லூரியார் என்பது இருக்கும். இரு கணினிகளுக்கும் பொதுவானதோர் உறையில் இவை வைக்கப்படும். படக்கருவியின் கணினி அவற்றைப் படித்துக்கொள்ளும். பந்தயம் முடிந்து, இயக்குவோர் ஒரு தடத்தின் எண்ணைத் தட்டினால், பட்டியலிலிருந்து பெயர் எழுந்து காலத்தின் அருகே வந்து நிற்கும். அவ்விணைப்பு மற்றொரு கோப்பாக அதே உறையிற் சேர, முடிவு மென்பொருள் அதனை எடுத்து ஏட்டில் ஏற்றும். இடையில் துண்டுச் சீட்டு இல்லை. சீட்டைச் சுமந்து ஓடும் சிறுவன் இல்லை. பார்த்தெழுதும் கையும் இல்லை. பினிஷ் லிங்க்ஸ் என்னும் கருவியும் மீட் மேனேஜர் என்னும் மென்பொருளும் இங்ஙனமே உரையாடுகின்றன.

அக்கோப்புகள் காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்து வரிகள் என்று அறிந்தபோது யான் வியந்தேன். ஒரு வரியில் ஒரு காற்புள்ளி மிகுந்தால், அதற்குப் பின் உள்ளவை அனைத்தும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். கல்லூரியின் பெயர் நிற்குமிடத்தில் ஆளின் பெயர் நிற்கும். உரைநடையில் காற்புள்ளி பிழைத்தால் பொருள் மயங்கும். இங்கே பதக்கம் மயங்கும். தமிழ் மாணவனுக்கு இங்கு வேலையில்லை என்பார் இதனைச் சிந்திப்பாராக.

இவ்வாண்டு நம் கல்லூரி வெளியில் நடந்த பந்தயத்திற்கு இக்கருவி வாடகைக்கு வந்தது. பட்டியல் சரிபார்க்கும் பணிக்கு மாணவர் சிலர் வேண்டுமென்றபோது யானும் சென்றேன். அங்கே கண்ட இரண்டை மட்டும் உரைக்கின்றேன்.

முதலாவது, பெயர்களின் தொல்லை. மேனாட்டு முறையில் அமைந்த அக்கோப்பு, குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இயற்பெயருக்கு ஒரு கட்டமும் வகுத்திருந்தது. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். அதனால் ஒரு பட்டியலில் பாதிப்பேர் குடும்பப் பெயர் இன்றியும், சிலர் ‘எஸ்’ என்னும் ஓரெழுத்தாகவும் நின்றனர். எல்லைப்புறத்துப் பெயர்களோ இன்னும் விந்தை: ஒரே பெயர் தமிழ்ச் சான்றிதழில் ஒருவாறும் தெலுங்குச் சான்றிதழில் ஒருவாறும் ஒலிக்க, ஆங்கிலத்தில் மூன்றாவது வடிவம் எடுக்கும். ஒரே பிரிவில் ஒரே பெயருடைய பெண்கள் இருவரும் இருந்தனர். அவர்களைக் காத்தது மார்பில் அணிந்த எண்ணே. பெயர் எவ்வாறு எழுதப்படினும் எண் மாறாது. ஆதலின் இணைப்பு முழுவதும் எண்ணையே பற்றிநின்றது.

இரண்டாவது, பிரிவுகளின் மாற்றம். ஒரு கல்லூரியாரின் பேருந்து தாழ்த்து வந்தமையால், நூறு மீட்டர் ஓட்டத்தின் இரண்டாம் பிரிவுக்கு முன் மூன்றாம் பிரிவினரைத் தடத்தில் நிறுத்தினர். படக்கருவியின் திரையிலோ இரண்டாம் பிரிவின் பட்டியலே திறந்திருந்தது. துப்பாக்கி வெடிக்குமுன், தொடக்கக் கோட்டில் நின்று எண்களைச் சரிபார்த்த மாணவி கைபேசியில் அதனை அறிவித்தாள்; இயக்குவோர் பட்டியலை மாற்றினர். அவள் அறிவியாதிருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கும் பிழையாத எட்டுக் காலங்கள் ஓடாத எட்டுப் பேருக்குச் சென்றிருக்கும். கருவி அதனை ஒருபோதும் உணர்ந்திராது.

ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அன்று முழுவதும் முடிவுக் கோட்டருகே அமர்ந்து, வந்தோரின் தட எண்களை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். “ஐயா, கருவி இருக்கத் தாங்கள் எழுதுவானேன்?” என்று வினவினேன். அவர் தலை நிமிராமலே, “அது நேரத்தைப் பார்க்கிறது, தம்பி. ஆளை யார் பார்ப்பது?” என்றார். ஒவ்வொரு பந்தயத்தின் பின்னும் அவர் குறிப்பையும் திரையையும் ஒத்துப்பார்த்த பின்னரே முடிவு ஒலிபெருக்கியில் வெளியாயிற்று.

நண்பர்களே! நம் கல்லூரிப் பந்தயங்களில் ஓடுவோரை நாம் ஆரவாரித்து வாழ்த்துகிறோம், அது தக்கதே. அன்று வெயிலில் ஒரு மேசையருகே அமர்ந்து எண்களை ஒத்துப்பார்ப்போரை எவரும் நோக்குவதில்லை. ஆயின் தோற்றவனுக்கும் தான் தோற்ற காலம் தன் பெயரிலேயே நிற்கவேண்டும் என்னும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் காப்பவர் அவர்களே. வரும் ஆண்டில் அம்மேசைக்கு ஆள் வேண்டுமென்று அறிவிப்பு வருங்கால், கணக்குப் பயில்வோரும் பௌதிகம் பயில்வோரும் போலவே இலக்கியம் பயில்வோரும் முன்வருவாராக. இவ்வாண்டு முடிவுகளின் படியொன்றை ஊருக்கு எடுத்துச் சென்றேன். தங்கை அதனை முதலிலிருந்து இறுதிவரை விரலால் தொட்டுப் படித்தாள். பின்பு, “200 மீட்டர் ஓடியவர்களுக்கு வயது என்ன இருக்கும், அண்ணா?” என்று கேட்டாள்.