சாவி போன ரயில்

ஆபீஸ் வேலையாக வெளிநாட்டில் தங்கியிருக்கும் தமிழனுக்குச் சனிக்கிழமை மூன்று கடமைகள்: துணி துவைப்பது, தூங்குவது, புளி எங்கே கிடைக்கும் என்று தேடுவது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நான் மூன்றையும் விட்டுவிட்டுக் கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்துப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். நம்ம மூர் மார்க்கெட்டைக் குளிப்பாட்டி, வரிசையில் நிறுத்தி, கூச்சலை மட்டும் ஆஃப் செய்தால் எப்படியிருக்கும்? அதுதான்.

ஒரு கடையில் அது இருந்தது. தகர ரயில் எஞ்சின். பச்சை பெயின்ட் பாதி உதிர்ந்து, புகைபோக்கி லேசாக வளைந்து. விலாவில் சாவித் துவாரம். சாவி இல்லை. விலை நாற்பது யூரோ.

"சார், சாவி இல்லாத ரயிலுக்கு நாற்பது யூரோவா? வீட்டுல தெரியுமா?" என்றான் கூட வந்த டீம் பையன்.

தெரியாது. அவனுக்கும் ஒரு விஷயம் தெரியாது. 1983-ல் எனக்கு ஒன்பது வயது. அப்பா போனஸ் பணத்தில் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு சாவி ரயில் வாங்கி வந்தார். மறுநாளே, உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்தேன். 'விர்ர்ர்...!' பாம்பு மாதிரி ஓர் இரும்புப் பட்டை துள்ளி வெளியே வந்தது. ரயில் க்ளோஸ். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கடைக்காரப் பெரியவர் பிஸ்கட் டப்பா நிறைய சாவி வைத்திருந்தார். ஆறாவது சாவி பொருந்தியது. ஆனால் கொடுக்கவில்லை. முதலில் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். சுருட்டி வைத்த எஃகுப் பட்டைதான் எஞ்சினின் உயிர். அதை விட்டால் ஒரே நொடியில் விரிந்துவிடும். பல் சக்கரங்கள் வரிசையாக நின்று அந்த அவசரத்தைத் தணிக்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கவர்னர்: வேகம் கூடினால் குட்டி எடைகள் வெளியே விரிந்து, உராய்ந்து, வேகத்தைக் குறைக்கும். (நம் ஆபீஸ் மேனேஜர் வேலை!)

"பெயின்ட் அடிக்கக் கூடாது. உதிர்ந்த பழைய பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு" என்றார் பெரியவர். "இன்னொன்று. சாவி கொடுத்த நிலையில் ஸ்பிரிங்கைக் கழற்றவே கூடாது. முழுக்கத் தளரவிட்டுத்தான் கை வைக்கணும்."

நாற்பது வருஷத்துக்கு மேல் லேட்டாக வந்த அட்வைஸ்.

"இது பிறந்த ஊரைப் பார்க்கணுமா? ரயிலில் முக்கால் மணி நேரம்" என்றார். பையன் முனகிக்கொண்டே டிக்கெட் எடுத்தான்.

நெக்கர் ஆறு கூடவே வந்தது. பிறகு ஃபில்ஸ் பள்ளத்தாக்கு. ஊர் பெயர் கோப்பிங்கன். 1859-ல் இங்கே தியோடர் மெர்க்லின் என்ற தகரவேலைக்காரர் பொம்மை வீட்டுக்குக் குட்டிக் குட்டிச் சமையல் பாத்திரங்கள் செய்ய ஆரம்பித்தார். 1866-ல் அவர் இறந்துபோக, மனைவி கரோலினா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்!

பிள்ளைகள் தலையெடுத்தபின், 1891-ல் லைப்சிக் கண்காட்சியில் எட்டு வடிவத் தண்டவாளத்தில் சாவி ரயிலை ஓடவிட்டார்கள். தண்டவாள அகலத்துக்கும் 1, 2, 3 என்று அளவு வகுத்தார்கள். இதில்தான் சூட்சுமம். இந்த வருஷம் எஞ்சின், அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு பெட்டி, அதற்கடுத்து ஸ்டேஷன்... எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். அப்பாக்களின் பர்ஸ் நிரந்தரமாகத் திறந்தது.

2021-ல் திறந்த மெர்க்லின் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாத் தலைமுறையும் நிற்கிறது. ஆரம்பகால மின்சார ரயில்கள் சிலவற்றில், வீட்டுக் கரன்ட்டையே நடுவில் ஒரு பல்பைப் போட்டுக் குறைத்துத் தண்டவாளத்தில் விட்டார்களாம். பையன் குழந்தையா, எலெக்ட்ரீஷியனா? 1920-களில் 20 வோல்ட்டுக்கு இறங்கினார்கள். தாய்மார்கள் மூச்சு விட்டார்கள்.

"சார், ஏ.சி. கரன்ட் திசை மாறிக்கிட்டே இருக்குமே! எஞ்சின் ஏன் முன்னும் பின்னும் ஆடலை?" என்றான் பையன். முதல் தடவையாக ஆர்வம்!

சுழலும் சுருளிலும் சுற்றியுள்ள காந்தச் சுருளிலும் ஒரே கரன்ட்தான் ஓடுகிறது. திசை மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் கட்சி மாறினால் வீட்டில் சண்டை இல்லையே, அந்த மாதிரி! பின்னால் போக வேண்டுமென்றால், எதிர்ப்புறமாகச் சுற்றிய இன்னொரு காந்தச் சுருளுக்குக் கரன்ட்டை மாற்றினால் போதும்.

"அப்ப திறந்து பார்த்தாலே புரிஞ்சிடுமா சார்? என் போனைத் திறந்தா ஒண்ணும் புரியாதே" என்றான். அவன் கண் என் பையிலிருந்த எஞ்சின் மேலேயே இருந்தது.

கோப்பிங்கன் பிளாட்பாரத்திலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். சென்னையில் ராத்திரி.

"அப்பா, அந்த மூர் மார்க்கெட் ரயில் ஏன் உடைஞ்சதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. சாவி கொடுத்துட்டுத் திறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதில்லடா... முந்தின நாள் ராத்திரி நீ தூங்கினப்புறம் நான்தான் முதல்ல திறந்தேன். மூடுறப்ப ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப்போச்சு."