வெற்றிடம் சுழியம் அன்று



எங்கள் பள்ளியின் மதிப்பெண் ஏட்டைக் கணினியில் தொகுப்பதற்காக, எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கொண்டு சிறு நிரல் ஒன்றைச் 'சி' மொழியில் எழுதி வருகிறேன். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய இத்தரவுத்தளம் இலவசமானது. தனி வழங்கிக் கணினியும் அதற்குத் தேவையில்லை. நம் பள்ளிகளுக்கு ஏற்றது.

அதில் என் மனத்தைக் கவர்ந்தது 'மீளழைப்பு' எனும் ஏற்பாடு. தரவுத்தளத்திடம் வினாத் தொடுக்கும்போதே, நாம் எழுதிய செயற்கூறு ஒன்றையும் அதனிடம் ஒப்படைத்து விடுகிறோம். விடையாக வரும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை அச்செயற்கூறு அழைக்கப்படும். முப்பது மாணவர் எனில் முப்பது அழைப்பு. ஒவ்வோர் அழைப்பிலும் கட்டங்களின் எண்ணிக்கை, அவற்றின் மதிப்புகள், பத்திகளின் பெயர்கள் ஆகியவை வருகின்றன. கூட்டுத்தொகையைக் குறித்துவர நாம் ஒதுக்கிய இடத்தின் முகவரியும் உடன் வருகிறது. நம் செயற்கூறு சுழியத்தைத் திருப்பித் தந்தால் அடுத்த வரிசை வரும். வேறு எண்ணைத் தந்தால் வேலை அங்கேயே நிற்கும்.

மதிப்புகள் யாவும் எழுத்து வடிவிலேயே வருகின்றன. சுழியம் பெற்ற மாணவனுக்கு '0' என்னும் எழுத்து வரும். தேர்வுக்கே வராதவனின் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தால், எழுத்து ஏதும் வாராது. ஒன்றையும் சுட்டாத வெற்றுச் சுட்டியே வரும். இவ்வேறுபாட்டைக் காத்துத் தருவதையே நல்ல வடிவமைப்பு என்பேன்.

வரிசைகளை நாமே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறும் வழியும் எஸ்கியூலைட்டில் உண்டு. அங்கே வெற்றுக் கட்டத்தை முழுவெண்ணாகக் கேட்டால் 0 என்றே விடை வரும். கட்டத்தின் வகையை முன்னரே வினவினால்தான் உண்மை தெரியும்.

80, 70 பெற்ற இருவரின் சராசரி 75. காய்ச்சலால் வராத மூன்றாமவனையும் சுழியமாகக் கொண்டால் அது 50 ஆகிவிடும். வகுப்பின் சராசரி மட்டுமா பிழையாகிறது? அறிக்கை அட்டையில் சுழியத்தைக் காணும் தாய் பிள்ளையைக் கடிந்துகொள்வார். நாமோ அவனைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே, என் மீளழைப்பு வெற்றுக் கட்டத்தைக் கண்டால் அதைக் கூட்டலில் சேர்ப்பதில்லை; வராதோர் பட்டியலில் பெயரைக் குறித்துவிட்டு, அடுத்த வரிசைக்குச் செல்கிறது.

உங்கள் பள்ளிக்கு இத்தகைய நிரலை எழுதித் தருவோரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தேர்வுக்கு வராத பிள்ளையை இது எவ்வாறு காட்டும்?